கருமெழுகின் எடை

பிப்ரவரி 10, திங்கள்

இன்றும் ஹீட்டர் வேலை செய்யவில்லை. பதினோரு பேரும் கோட்டைக் கழற்றாமல் வேலை பார்த்தோம். கீழே செருப்புக் கடையில் மட்டும் வெயில் காலம் போல் இருக்கிறது. முதலாளி ஒக்னியானிடம் கேட்டால் “ஆள் வர்றான்” என்பார். மூன்று வாரமாக அந்த ஆள் வந்துகொண்டே இருக்கிறான்.

மதியம் ரசிகர் மன்றத்தைத் திறந்தேன். அதுவும் என் வேலைதான். எங்கள் ‘ஊமைச் சுரங்கம்’ விளையாட்டை ஆடுகிறவர்கள் எங்கே என்ன பிழை இருக்கிறது என்று அங்கே புலம்புவார்கள், நான் குறித்துக்கொள்ள வேண்டும். கம்பெனி ஆள் என்று தெரியக் கூடாது என்பதற்காக ‘மூன்றாம்வாளி’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறேன். பிழையைப் பற்றிப் பேசுகிறவன் பத்தில் ஒருவன். மீதி ஒன்பது பேரும் அந்தச் சுரங்கத்தில் வெட்டி எடுக்கிற கருமெழுகு என்றால் என்ன என்று அடித்துக்கொள்கிறார்கள்.

வார்னாவிலிருந்து ஒரு பல் டாக்டர், அந்த மலையே ஒரு அரக்கனின் தலை, கருமெழுகு அவன் காதுக் குறும்பி என்று பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். படம் வேறு. செத்துப்போன தொழிலாளிகளின் குரல் உறைந்ததுதான் கருமெழுகு, அதனால்தான் அதற்கு எடை இல்லை என்பது இன்னொரு கோஷ்டி. அது பூஞ்சை என்று ஒரு கோஷ்டி. நாளைக்கு எரியப் போகிற ஊரின் கரி என்று ஒருத்தர், அவர் பாவம் தனி ஆள்.

இதற்கெல்லாம் நடுவில் ‘ஏழாம்மாடி’ ஒரே வரி எழுதியிருக்கிறான்:

“கருமெழுகை அவர்கள் வெட்டி எடுக்கவில்லை. உள்ளே கொண்டுபோய் வைக்கிறார்கள்.”

மூன்று தடவை படித்தேன்.

அந்த வரி இரண்டாம் பாகத்தின் ரகசியப் பக்கத்தில் இருக்கிறது. முதல் பாகம் முழுவதும் சுரங்கத்திலிருந்து எடுப்பதாக எல்லோரையும் நம்பவைத்து, இரண்டாம் பாகத்தில் கவிழ்க்கப் போகிறோம். ஐந்து வருட ரகசியம். கதை எழுதிய யாவொருக்குத் தெரியும். படம் வரையும் தெசிஸ்லாவாவுக்குத் தெரியும். ஒக்னியானுக்கும் எனக்கும் தெரியும். நாலே பேர்.

டிசம்பரில் இதே ஏழாம்மாடி பதினெட்டு ஊகங்களை வரிசையாகப் போட்டிருந்தான். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கிழித்துத் தொங்கவிட்டேன். நல்ல பொழுதுபோக்கு. அப்போது ஒன்றும் தெரியாதவன் இரண்டே மாதத்தில் எப்படி இவ்வளவு நிச்சயமாக எழுதுகிறான்?

யாரோ சொல்லியிருக்கிறார்கள். நெருப்பில்லாமல் புகையாது.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஒக்னியானிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

“யாரா இருக்கும்னு நினைக்கிற?”

“தெரியலைங்க.”

“நீ மன்றத்துல கண்ணு வை. யார்கிட்டயும் மூச்சு விடாதே. யாவொர்கிட்டயும்தான்.”

யாவொர் பெயரை நான் எடுக்கவில்லை. அவர்தான் எடுத்தார். இதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

யாவொர் மூன்று தடவை போனோடு மாடிப்படிக்குப் போனான். ஐந்து வருடமாகப் பக்கத்து மேஜை. பொண்டாட்டியோடு சண்டை போடுவதைக்கூட எங்கள் எல்லோர் முன்னாலும் போடுகிறவன். இன்று என்ன புதிதாக மாடிப்படி?

பிப்ரவரி 14, வெள்ளி

தண்ணீர் பிடிக்கிற மாதிரி படிக்கட்டுப் பக்கம் போனேன். குசுகுசுவென்று பேசினான்: “புதன்கிழமை ஆறு மணிக்கு, பாலத்துக்கிட்ட. ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேணாம், மானம் போயிடும்.”

என்னைப் பார்த்ததும் போனை அணைத்தான். “என்ன நெவேனா, குழாய் அந்தப் பக்கம்ல இருக்கு?” என்று சிரித்தான்.

அவன் மேல் சந்தேகப்பட எனக்கு மனசு வரவில்லை. காரணம் இருக்கிறது. எங்கும் எழுதாததை இங்கேயாவது எழுதுகிறேன்.

விளையாட்டில் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டவணை உண்டு. பெயர், விலை, எடை. கோதுமைக்கு இவ்வளவு, கோடரிக்கு இவ்வளவு என்று நிரப்பியது நான்தான். கருமெழுகுக்கு நேராக எடைக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். ஒன்றும் இல்லை, மறதி. காலியான கட்டத்தை விளையாட்டு பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். வெளியான முதல் நாளே ஆட்கள் ஆயிரக்கணக்கான கட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். எனக்கு வேலை போய்விடும் என்று கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன். யாவொர்தான் கதவைத் தட்டினான். “அழாதே. ஒரு கதை கட்டிடலாம்” என்றான். மதியத்துக்குள் செத்த தொழிலாளி எழுதிய கடிதம் ஒன்றை எழுதி விளையாட்டுக்குள் சேர்த்துவிட்டான்: ‘குரலைப் போல் கனமில்லாதது.’ ஒரு வாரத்தில் அதுதான் விளையாட்டின் புகழே ஆயிற்று. ஒக்னியான் பேட்டியில், “எங்கள் உலகத்தில் ஒவ்வொரு கிராமும் யோசித்து வைத்தது” என்றார். யாருடைய பிழை என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அப்படிப்பட்டவனைத்தான் இன்று ஒட்டுக் கேட்டேன். அசிங்கமாக இருக்கிறது.

ஆனால் மானம் போகிற அளவுக்கு என்ன விஷயம்?

பிப்ரவரி 19, புதன்

பாலத்துப் பக்கம் போனேன். காய்கறி வாங்கத்தான் போனேன் – இல்லை, பொய் எழுத வேண்டாம். பார்க்கத்தான் போனேன். யாவொர் ஒரு காரின் ஜன்னலருகே நின்றான். உள்ளே இருந்த ஆள் ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தான். இவன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். சட்டைக்குள்!

பிப்ரவரி 24, திங்கள்

ஒக்னியான் ஒரு யோசனை வைத்திருக்கிறார். இந்தத் தொழிலில் பழைய வித்தைதான். ஆளுக்கொரு மாதிரி சொல்லிவிட்டு, எது வெளியே வருகிறது என்று பார்ப்பது. சுரங்க வாசலில் காவலர்கள் எல்லோரையும் சோதிக்கிறார்கள். அப்படியானால் கருமெழுகை உள்ளே எப்படிக் கொண்டுபோகிறார்கள்? யாவொரிடம் “பூட்ஸுக்குள்ள வச்சுன்னு மாத்திட்டேன், யார்கிட்டயும் பேசாதே” என்று தனியாகச் சொல்லிவிட்டார். தெசிஸ்லாவாவிடம் ரொட்டிக்குள் என்று. இரண்டும் தெரிந்தது அவருக்கும் எனக்கும் மட்டும்.

தெசிஸ்லாவா அப்படிப்பட்ட ஆள் இல்லை. தன் பிறந்தநாளையே மறந்துபோகிறவள்.

பிப்ரவரி 28, வெள்ளி

நாளை மார்ச் ஒன்று, வசந்தத்தை வரவேற்று ஒருவருக்கொருவர் கயிறு கட்டிவிடும் நாள் என்பதால் எல்லோரும் இன்றே சிவப்பு வெள்ளைக் கயிறுகளோடு வந்துவிட்டார்கள். யாவொர் என் மணிக்கட்டில் கட்டினான். “ஒரு நாள் முன்னாடியே கட்டறேன், கோவிச்சுக்காதே. நல்லா இரு” என்றான். நானும் அவனுக்குக் கட்டினேன். முடிச்சு சரியாக விழவில்லை. “என்ன, முடிச்சுப் போடக்கூட வரலையா?” என்று கேட்டான். குளிர் என்றேன். அது நிஜமும்கூட.

பூத்த மரத்தையோ நாரையையோ பார்க்கும்வரை கழற்றக் கூடாது.

மார்ச் 3, திங்கள்

தேசிய நாள் விடுமுறை. தெருவெல்லாம் கொடி. நான் திரைக்கு முன்னால்.

ஏழாம்மாடி வலையில் விழுந்துவிட்டான்! “காவலர் கண்ணில் மண்ணைத் தூவி எப்படிக் கொண்டுபோகிறார்கள்? தொப்பி, ரொட்டி, விளக்கு, பூட்ஸ், நாக்குக்கு அடியில் – இந்த ஐந்தில் ஒன்று” என்று போட்டிருக்கிறான்.

அவனைப் பேசவைக்க வேண்டும் என்று மூன்றாம்வாளியாக இறங்கினேன். தொப்பி? முதல் காட்சியிலேயே காவலர் தொப்பியைக் கழற்றச் சொல்கிறார். ரொட்டி? கத்தியால் இரண்டாக வெட்டிப் பார்க்கிறார்களே, நீ ஆடினாயா தூங்கினாயா? விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, மெழுகு உருகிவிடும். நாக்குக்கு அடியில் என்றால் தொழிலாளிகள் பாடிக்கொண்டே எப்படி உள்ளே போவார்கள்? பிறகு பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே காத்திருந்தேன். சொல்லுடா. சொல்லு.

இன்று சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

காலை 9.12. ஏழாம்மாடி: “பூட்ஸுக்குள். முடிவு செய்துவிட்டேன்.”

அந்த ஒரு வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒக்னியானுக்கு அனுப்பினேன். கையும் களவுமாக.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

மார்ச் 6, வியாழன்

கண்ணாடி அறைக்குள் அரைமணி நேரம். யாவொர் கையை விரித்து விரித்து ஏதோ சொன்னான். ஒக்னியான் திரையைக் காட்டினார். பிறகு யாவொர் பேசுவதை நிறுத்திவிட்டான்.

வெளியே வந்து தன் கோப்பையையும் கள்ளிச்செடியையும் எடுத்துக்கொண்டான். என் மேஜை அருகே நின்றான். எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை.

“நீயா?”

விசைப்பலகையில் எதையோ தட்டினேன்.

“உனக்கு என் மேல சந்தேகம்னா என்கிட்டயே கேட்டிருக்கலாமே, நெவேனா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?”

போய்விட்டான்.

கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாயா? திருடன் எவன் ஒப்புக்கொண்டிருக்கிறான்? இதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது நோட்டில் எழுதி என்ன பயன்.

மார்ச் 7, வெள்ளி

பக்கத்து மேஜை காலி.

மார்ச் 20, வியாழன்

இரண்டாம் பாகத்தின் முடிவை நான் எழுத வேண்டுமாம். “உனக்குத்தான் கருமெழுகு தலைகீழாத் தெரியும்” என்கிறார் ஒக்னியான். பத்து வருடமாக ஆசைப்பட்ட வேலை. சரி என்றேன். எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்று தெசிஸ்லாவா நினைக்கிறாளோ? காலையில் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை. அல்லது சொல்லி எனக்குக் கேட்கவில்லையா?

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். யாவொர் சோஃபியாவில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்தானாம். அவர்கள் ஒக்னியானுக்குப் போன் செய்து விசாரித்திருக்கிறார்கள். ரகசியத்தை வெளியே விட்டவன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். இந்த நாட்டில் எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்துவிடலாம். ஒருத்தரிடம் சொன்னால் எல்லோரிடமும் சொன்ன மாதிரி. இனி அவனுக்கு எங்கே வேலை கிடைக்கும்? பெண்ணை வேறு இந்த வருடம்தான் பள்ளியில் சேர்த்தான்.

செய்தவன் அனுபவிக்கிறான். அப்படித்தானே?

மார்ச் 25, செவ்வாய்

முடிவு கிடைத்துவிட்டது! எடையில்லாத பொருளால் சுரங்கத்தை நிரப்பிக்கொண்டே போனால் என்ன ஆகும்? மலை கனம் இழக்கும். கடைசிக் கட்டியை வைத்ததும் மலை தரையை விட்டுக் கிளம்பும். ஐந்து வருடத்துக்கு முன் நான் காலியாக விட்ட கட்டம் இப்போது மலையைத் தூக்கப் போகிறது. எழுதும்போது உடம்பு புல்லரித்தது. யாவொரிடம் சொல்ல வாய் துறுதுறுத்தது – வீட்டில் இருக்கிறேன் என்பதையும் மறந்து பக்கத்தில் திரும்பியும்விட்டேன்.

இந்தத் தடவை ஏமாற மாட்டேன். கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. வீட்டில், காகிதத்தில், பென்சிலால். மாவு டப்பாவுக்குப் பின்னால். ஒக்னியானிடம்கூட இன்னும் காட்டவில்லை.

மார்ச் 28, வெள்ளி

ஏழாம்மாடி: “நிரம்பினால் மலை மிதக்கும்.”

மார்ச் 29, சனி

பூட்டுக்காரரை வரவழைத்துப் பூட்டை மாற்றினேன். காகிதம் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. மாவு சிந்தவில்லை. கீழ்வீட்டு அம்மாளிடம் சாவி இருந்தது. அவளுக்குக் கம்ப்யூட்டரை அணைக்கவே தெரியாது. ஒக்னியானா? அவர் இந்த வீட்டு வாசல்படி ஏறியதே இல்லை.

யாவொர் இல்லை. தெசிஸ்லாவா இல்லை. உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

அப்படியானால் யாவொர் –

வேண்டாம். இப்போது இதை எழுத முடியாது.

ஏப்ரல் 2, புதன்

மூன்று நாள் யோசித்து, ஏழாம்மாடிக்குத் தனியாக எழுதினேன். “உங்களுக்கு இதெல்லாம் யார் சொல்கிறார்கள்? ஒருவருடைய பிழைப்பு போயிருக்கிறது. தயவுசெய்து சொல்லுங்கள்.”

ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது.

“நீதான் சொன்னாய். சனிக்கிழமை 10.40 பர்காஸ் வண்டி, மூன்றாவது பெட்டி. டிக்கெட் எடுத்துக்கொண்டு வா.”

நானா?

ஏப்ரல் 5, சனி

முழுவதையும் எழுதிவிடுகிறேன். அப்போதுதான் மறக்க மாட்டேன். மறக்கவே கூடாது.

மூன்றாவது பெட்டியில் பாதி இருக்கைகள் காலி. தடிமனான ஒரு ஆள், தாடி, கண்ணாடி – அப்படி ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பி பத்து நிமிடத்தில் டிக்கெட் பரிசோதகர் வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், குட்டை, சாயம் போட்ட சிவப்பு முடி. என் டிக்கெட்டை வாங்கி ஓட்டை போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“மூணாம்வாளி நீதானா? ஆம்பளைன்னு நினைச்சேன், இவ்வளவு திட்டறியேன்னு.”

நானும் அவளை ஆண் என்று நினைத்திருந்ததைச் சொன்னேன். சிரித்தாள். பெயர் ஸ்தானிமிரா. ஸ்தாரா ஸகோராவில் ஏழாவது மாடியில் வீடு. லிஃப்ட் ஓடி நாலு வருடமாயிற்றாம். அதனால் ஒரு தடவை மேலே ஏறிவிட்டால் மறுபடி இறங்க மனம் வராமல் விளையாட்டு ஆட ஆரம்பித்தாளாம்.

“எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

“இருபத்தாறு வருஷமா இந்த வண்டியில நடக்கறேன் பொண்ணே. நான் டிக்கெட்டைப் பார்க்கறதில்ல, மூஞ்சியைப் பார்க்கறேன். டிக்கெட் இருக்கிறவன் என்னைப் பார்ப்பான், முறைப்பான், ஹீட்டர் போடலைன்னு சண்டைக்கு வருவான். டிக்கெட் இல்லாதவன் மட்டும் ஜன்னல் வழியா வயக்காட்டை ரொம்ப அக்கறையாப் பார்த்துக்கிட்டிருப்பான்.”

பைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். என் பதிவுகள் எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தன.

“போன வருஷம் ஒரு நாள் குரல் கோஷ்டிக்காரங்கமேல கோபப்பட்டு என்ன எழுதின? ‘எடைக் கட்டத்தை யாரோ நிரப்ப மறந்திருப்பார்கள்’னு எழுதின. நாங்கல்லாம் எடை இல்லைன்னுதான் சொல்லுவோம். கட்டம்னு ஒண்ணு இருக்கறது எங்களுக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, இவ உள்ள இருக்கிறவன்னு. அப்புறம் டிசம்பர்ல பதினெட்டு ஊகம் போட்டேன். உனக்காகத்தான் போட்டேன். பதினேழைத் திட்டின. உள்ள கொண்டுபோய் வைக்கிறாங்கங்கற ஒண்ணை மட்டும் தொடவே இல்ல.”

நான் அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மலை மிதக்கறதும் அதே மாதிரிதான். போன வாரம், சுரங்கம் நிரம்பினா மலை இடியும், வெள்ளம் வரும், தீப்பிடிக்கும், மிதக்கும்னு நாலு போட்டேன். மூணுக்கு நீ கத்தின.”

“பூட்ஸ்?” என்று கேட்டேன்.

“தொப்பி, ரொட்டி, விளக்கு, நாக்கு. நாலையும் வெளுத்துக் கட்டிட்டு பூட்ஸ் கிட்ட வந்ததும் வயக்காட்டைப் பார்க்க ஆரம்பிச்சிட்ட.”

ஒக்னியான் வைத்த பொறியில் இரண்டு கதவு இருந்தது. தெசிஸ்லாவா இல்லை என்று நானே முடிவு செய்து ரொட்டியை அடைத்தேன். யாவொர்தான் என்று நானே முடிவு செய்து பூட்ஸைத் திறந்து வைத்தேன். ஸ்தானிமிரா என் மனசில் இருந்ததைப் படித்துச் சொன்னாள். நான் அதையே சாட்சி என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். யாவொரின் வாயிலிருந்து ஒரு சொல்கூட வெளியே போகவில்லை. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, இதில் மாட்டைப் பிடித்துக் கொடுத்த பெருமை வேறு.

அழுதுவிட்டேன். ஓடுகிற வண்டியில், எல்லோரும் பார்க்க. நடந்ததை அவளிடம் சொன்னேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

“எனக்கு இது விளையாட்டும்மா” என்றாள். “ஒருத்தரோட சோத்துல மண்ணு விழும்னு தெரிஞ்சிருந்தா வாயைத் திறந்திருக்க மாட்டேன்.”

திரும்பும்போது வயலில் ஒரு நாரை நின்றது. கயிற்றைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒக்னியானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எடைக் கட்டம் உட்பட. பேனாவைத் திருகிக்கொண்டே கேட்டார்.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“அந்த அம்மாவுக்கு.”

“அப்ப விடு. மே மாசம் முன்னோட்டம் வெளியிடறோம். இப்ப போய் எடை ஒரு பிழைன்னு வெளிய வந்தா நான் பேட்டியில சொன்னதெல்லாம் என்ன ஆகும்? யாவொருக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்கும்.”

“உங்ககிட்ட விசாரிச்சதாலதானே கிடைக்கல?”

“கையெழுத்துப் போட்டிருக்க நெவேனா. ரகசியம் வெளிய போனா உனக்கும் இங்க இடமில்ல.”

இரண்டு மாதமாக ஹீட்டரைப் பழுது பார்க்காதவர், ஒரு மனிதனின் பெயரையா பழுது பார்க்கப் போகிறார்.

ஏப்ரல் 9, புதன்

பயமாக இருக்கிறது. முப்பத்தெட்டு வயதில் மறுபடி யார் வாசலில் நிற்பேன்? எல்லாம் தானாக ஆறிவிடாதா? இந்த எண்ணம் வருகிறதே, அதற்கே என்னை அறைய வேண்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

மதியம் இரண்டு மணிக்கு மன்றத்தில் எழுதினேன். மூன்றாம்வாளி நான்தான் என்றும் என் முழுப் பெயரும் போட்டேன்.

‘கருமெழுகுக்கு எடை இல்லாததற்குக் காரணம் எதுவும் இல்லை. நான் ஒரு கட்டத்தை நிரப்ப மறந்தேன். யாவொர் என்னைக் காப்பாற்றவே அந்தக் கடிதத்தை எழுதினார். அவர் எந்த ரகசியத்தையும் வெளியே சொல்லவில்லை. சொன்னது நான், எனக்கே தெரியாமல். அவர் மேல் பழி சுமத்தியதும் நான்தான்.’

டிசம்பர் பட்டியலையும் மார்ச் மூன்றாம் தேதி பேச்சையும் தேதியோடு சேர்த்தேன். அதையே சோஃபியா கம்பெனிக்கும் அனுப்பினேன்.

நாலு மணிக்கு ஒக்னியான் என் மேஜைக்கு வந்தார். கத்தவில்லை. “மத்தவங்க பார்க்கறதுக்குள்ள கிளம்பிடு” என்றார். எனக்குக் கள்ளிச்செடிகூட இல்லை, ஒரு பையில் எல்லாம் அடங்கிவிட்டது. படிக்கட்டுவரை தெசிஸ்லாவா கூட வந்தாள். பையை அவள்தான் தூக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மன்றத்தைத் திறந்தேன். முந்நூறு பதில்கள். ஒருத்தரும் நம்பவில்லை!

“கம்பெனி நம்மை ஆழம் பார்க்கிறது” என்கிறார் பல் டாக்டர். “நெவேனா என்பது செத்த தொழிலாளியின் மனைவி பெயராக இருக்கலாம், மூன்றாம் நிலையில் கல்லறையைப் பாருங்கள்.” குரல் கோஷ்டி கொண்டாட்டத்தில் இருக்கிறது: “மறந்தேன் என்கிறாள். மறதிதான் கருமெழுகு! இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்கள்?” ஒருவர் நான் எழுதிய பத்தியின் எழுத்துகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. இப்படித்தானே நானும் யாவொரின் மாடிப்படியையும் சட்டையையும் படித்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

கடைசிவரை தேடிப் பார்த்தேன். எல்லோரும் ஏதாவது எழுதியிருக்கிறார்கள். ஏழாம்மாடி மட்டும் ஒரு சொல்கூட எழுதவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு. மலர் ஞாயிறு

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு. பூவின் பெயரும் மரத்தின் பெயரும் வைத்திருக்கிற எல்லோருக்கும் இன்று பெயர்நாள், பிறந்தநாள் மாதிரி. நான் பூ, யாவொர் மரம். ஐந்து வருடமும் மறுநாள் திங்களன்று ஆபீசில் சேர்ந்தே கொண்டாடினோம், நான் பாலாடைக்கட்டி வைத்துப் பனித்ஸா சுட்டுக்கொண்டு போவேன், அவன் குடிக்கக் கூழ் மாதிரி போஸா வாங்கி வருவான். பெயர்நாளுக்கு யாரையும் அழைக்கக் கூடாது. வருகிறவர்கள் தாமாக வருவார்கள். வந்தவர்களை வாசலில் நிறுத்தவும் கூடாது.

அந்த வழக்கத்தைச் சாக்காக வைத்து அவன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று காலையில் ஒரு திட்டம் போட்டேன். இன்று என்னைத் துரத்த முடியாதே. பிறகு வெட்கமாக இருந்தது. இதுவும் ஒரு பொறிதானே? பனித்ஸாவை அடுப்பில் வைத்துவிட்டுக் கதவைத் தாழ் போடாமல் உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டு அம்மாள் சர்ச்சில் கொடுத்த வில்லோ மரக் கிளையோடு வந்தாள், ஒரு துண்டு சாப்பிட்டாள், புதுப் பூட்டைப் பார்த்து மனத்தாங்கலோடு போனாள். பன்னிரண்டு. ஒன்று. வேறு யாருமில்லை.

ஒன்றேகால் மணிக்குத் தெருவில் யாரோ காரை நிறுத்தப் பாடுபடும் சத்தம். முன்னால், பின்னால், மறுபடி முன்னால். குப்பைத்தொட்டியில் இடித்தது. எட்டிப் பார்த்தேன். பச்சை நிறப் பழைய கார். உள்ளிருந்து யாவொர் இறங்கினான்.

யாவொர் கார் ஓட்டுவானா? “காலிருக்க கார் எதுக்கு” என்று வாழ்நாள் முழுக்க எங்களைக் கேலி செய்தவன் ஆயிற்றே!

மேலே வந்தான். கையில் போஸா பாட்டில். கோட்டைக் கழற்றவில்லை.

“நீ என் வீட்டுக்கு வந்துடுவியோன்னு பயந்துதான் இங்க வந்தேன். நீ வந்தா என் பொண்டாட்டி உன்னை உள்ள விட்டாகணும். அவளுக்கு நெஞ்சு வலியே வந்துடும்.”

“உக்காரு.”

உட்கார்ந்தான். ஒரு துண்டு சாப்பிட்டான். உப்பு அதிகம் என்றான். படிக்கட்டு விளக்கு எரியவில்லை என்றான். காரைப் பற்றிக் கேட்டேன். பிப்ரவரியிலிருந்து கற்றுக்கொண்டானாம். பாலத்தருகே வந்த ஆள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். சட்டைக்குள் செருகிய காகிதம் சாலை விதிப் பரீட்சையின் கேள்விகள். நாற்பத்தொரு வயதில் எல் போர்டா என்று நாங்கள் சிரிப்போம் என்று மறைத்தானாம். இரண்டு தடவை தோற்று மூன்றாவதில் தேறியிருக்கிறான்.

“சோஃபியாக்காரங்க நேத்து கூப்பிட்டாங்க” என்றான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. “புதன்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.”

பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தான். “இன்னும் கட்டியிருக்க? பிளம் பூத்து உதிர்ந்தே போச்சே.”

சட்டைக் கையை இழுத்துக் கயிற்றை மறைத்தேன். உப்பைப் பற்றிப் பேசினான், விளக்கைப் பற்றிப் பேசினான், குப்பைத்தொட்டியைப் பற்றிக்கூடப் பேசினான். ஒன்றைப் பற்றி மட்டும் பேசவில்லை. அதற்கு இதுதான் அர்த்தம், அதுதான் அர்த்தம் என்று என் மண்டை உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. கோட்டைக் கழற்றவில்லை – அப்படியென்றால்? ஜன்னலைப் பார்க்கிறான் – அப்படியென்றால்?

போதும் என்று, கேட்டுவிட்டேன்.

“யாவொர், என் மேல இன்னும் கோபமா இருக்கியா?”

திரும்பி என்னை நேராகப் பார்த்தான்.

“ஆமா” என்றான். “நிறைய.”

எழுந்து கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டான்.